சத்தம் கேட்டால் அமுக்கவும்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா? அத்தானின் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா, இல்லை இன்னும் கீழே நின்றபடியே உன்னைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறாரா?

நீ போன் செய்ததாக வீட்டுக்காரி சொன்னாள். நீ கேட்பதை அவள் கேட்டு, அவள் வாயைப் பார்த்து நான் புரிந்துகொண்டு, நான் சொல்வதை அவள் உனக்குத் திருப்பிச் சொல்லி, ஒரு 'சாப்பிட்டியா'வைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருக்கிறது. போனில் எழுத்து அடிக்கச் சொன்னால் நீ 'ம்' என்பதற்கு மேல் போவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

நடந்ததை நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ரூமில் அழுத்தக் காற்றுக் குழாய் ஒன்று என் பக்கத்திலேயே வெடித்தது. மேலே கீறல்கூட இல்லை. எழுந்து நின்றபோது சீஃப் இன்ஜினியர் என் எதிரே வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். அடுத்த துறைமுகத்தில் இறக்கி, விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு வருஷ எஞ்சின் சத்தம் பாதியைத் தின்றிருக்கும், மீதியை அந்தக் குழாய் தின்றிருக்கும் என்று நினைக்கிறேன். காதுக்குள் மட்டும் ஜெனரேட்டர் ஓயாமல் ஓடுகிறது. அதை நிறுத்த சுவிட்ச் இல்லை.

அடுத்த வாரம் கம்பெனி டாக்டரிடம் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் கப்பல் ஏறும் முன் போகிற அதே இடம்தான். காது போனது உண்மை என்று அவர் எழுதினால் ஊனத் தொகை கிடைக்கும். இனி கப்பல் இல்லை என்று ஆகிவிட்டால் எங்கள் மிச்சக் காலத்துக்கு அதுதான். வீட்டில் உட்கார முடியவில்லை அக்கா. இன்று காலையிலிருந்து அலமாரியை இரண்டு தடவை இடம் மாற்றிவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் அத்தானின் முழங்கால் அப்படியே இருக்கிறது, அதைப் பற்றிய பேச்சுதான் வளர்ந்திருக்கிறது.

சின்ன வயதிலிருந்தே நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறியதில்லை. இப்போது அதற்கு டாக்டர் சான்றிதழ் வேறு கேட்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, சிரிக்காவிட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். கடிதத்தைப் பிரித்த அன்று டிக்கெட் கவுண்டரில் இரண்டு பேருக்கு ஊர் மாற்றி டிக்கெட் கொடுத்துவிட்டேன். பஸ் கிளம்பும் முன் ஓடிவந்து என்னைத் திட்டினார்கள். திட்டு வாங்கியதுகூட ஆறுதலாகத்தான் இருந்தது.

எங்கள் யூனியன்காரரிடம் விசாரித்தேன். அவருடைய மைத்துனர் கப்பல்காரர்களின் யூனியனில் இருக்கிறார். கம்பெனி டாக்டர் எழுதுவதுதான் முதல் சீட்டாம். அது உனக்குச் சாதகமாக இல்லையென்றால் நீயாக வேறு டாக்டரிடம் காட்டலாம். இரண்டும் முட்டிக்கொண்டால் இரு தரப்பும் சேர்ந்து மூன்றாவது டாக்டர் ஒருவரைப் பிடிப்பார்கள். அவர் சொல்வதே கடைசி வார்த்தை. அதுவரை வேறு கம்பெனி வேலையில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

உன்னை எனக்குத் தெரியும். ஜுரத்தில் கொதிக்கும்போதும் 'ஒண்ணுமில்லக்கா' என்று பள்ளிக்கூடம் போனவன் நீ. டாக்டர் முன்னால் அந்த வீரத்தைக் காட்டாதே. போய்வந்த அன்றே எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. நர்ஸ் என்னைப் பார்த்ததும் 'மறுபடியும் வந்துட்டீங்களா' என்று சிரித்தாள். பழைய ஆள், வாயைத் திறந்து நன்றாகப் பேசுவாள், புரிந்துகொள்ள சிரமமில்லை.

கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். அதில் பெரிய பழுது எதுவும் இல்லை, ஆனாலும் பிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் கேட்டுக்கு எண்ணெய் போட்டேன். அவர் கேட்கவில்லை. 'இத்தனை நாள் அது கத்துறத வச்சுத்தான் யாரோ வர்றாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன், அதையும் வாயடைச்சிட்டீங்க' என்று குறைப்பட்டாராம். வீட்டுக்காரி சொன்னாள்.

வேறு விசேஷம் இல்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

நாங்கள் நலம். நலம் விசாரிப்பதை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பரிசோதனை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு நல்லபடி? உனக்கா, கம்பெனிக்கா? டாக்டர் என்ன எழுதினார் என்பதைத் தவிர மற்ற எல்லாம் உன் கடிதத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு கேட்டு எப்படிக் கத்தும் என்பது எனக்கு எதற்கு?

மென்று விழுங்காமல் எழுது.

அக்கா


ஏப்ரல் 2

மரியாதைக்குரிய அண்ணிக்கு வணக்கம்.

நானும் மகளும் நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவர் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். எழுதுகிறேன், எழுதுகிறேன் என்கிறாரே தவிர உட்காரவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது.

கம்பெனி டாக்டர் அவருக்குக் காதில் குறையே இல்லை என்று எழுதிவிட்டார். கப்பல் வேலைக்குத் தகுதி என்று முத்திரையும் இருக்கிறது. அடித்துப் பிடித்து வேறொரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த டாக்டர் இவர் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டார், கைதட்டினார், தட்டு ஒன்றைக் கீழே போட்டார். இவர் திரும்பவே இல்லை. கல்லைப் போல அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு காதும் போய்விட்டது என்று அந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் சொல்லிவிட்ட கப்பல் யூனியன்காரர், அந்தக் கம்பெனி டாக்டர் விலைபோய்விட்டார் என்று குதிக்கிறார். மேலிடத்துக்குப் புகார் எழுதப் போகிறாராம். எனக்குப் புரியாதது ஒன்றுதான் அண்ணி. இவருக்குக் கோபமே வரவில்லை. உப்புக் குறைந்தால் ஊரைக் கூட்டுகிற மனுஷன், வயிற்றில் அடித்த டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறார். புகார் வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிட்டார். அந்தத் தகுதிச் சீட்டை எடுத்துப் பழைய சீட்டுகளோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார், அதுவும் மேலாக.

வீட்டில் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றி வருகிறார். முந்தாநாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. முகம் தெரியாததால் பேச்சு நின்றுவிட்டது. மகள் டார்ச்சைத் தன் மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு 'அப்பா, இப்ப சொல்லுங்க' என்றாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

நீங்கள்தான் அவரிடம் கேட்கவேண்டும். உங்களிடம் பொய் சொல்ல அவருக்கு வராது.

தங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பரிசோதனை அறையில் கண்ணாடி இருந்ததா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் உட்கார்ந்திருந்தாளா?

இவ்வளவு வருஷமாக நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் டிக்கெட் கொடுக்கிறேன். நான் சொல்வது வெளியே பாதிப் பேருக்குக் கேட்காது. என் வாயையும் கையையும் பார்த்தே சில்லறையை எடுத்து நீட்டுவார்கள்.

ஆமாம், இல்லை என்று எழுதினால் போதும்.

அக்கா


மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு மன்னித்துக்கொள். இங்கே வெயில் கடுமை. மகளுக்குப் புதுச் செருப்பு வாங்கினோம், ஒரு அளவு பெரியது, வளர்ந்தால் சரியாகிவிடும். அத்தானுக்கு ஒரு தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

இருந்தது அக்கா. கண்ணாடி இருந்தது.

எல்லாப் பரிசோதனை அறையிலும் இருக்கும். காதில் ஹெட்போனை மாட்டிக் கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அமுக்கவேண்டும். வெளியே நர்ஸ் மெஷினில் சத்தத்தை அனுப்புவாள். அனுப்பியதும் தலையை நிமிர்த்தி நம்மைப் பார்ப்பாள். அதுதான் சமயம். எஞ்சின் ரூம்காரர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம்தான், எல்லோரும் இப்படித்தான் தேறுகிறோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. தேறினால் வேலை, தேறாவிட்டால் வீடு. அந்த அறைக்கு வேறு எதற்கும் நான் போனதே இல்லை.

அன்றைக்கும் நீ சொன்னதெல்லாம் மனதில் இருந்தது. ஏமாற்றவேண்டும் என்று நினைக்கவே இல்லை. உட்கார்ந்தேன், அவள் நிமிர்ந்தாள், கட்டைவிரல் தானாக அமுக்கிவிட்டது. அடுத்ததில் நிறுத்தலாம் என்று நினைத்தேன். நிமிர்ந்தாள், அமுக்கினேன். கடைசியில் அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எனக்கு சந்தோஷமாக இருந்தது அக்கா. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்து படி இறங்கும்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

டாக்டர் மேல் பிழையில்லை. யூனியன்காரரிடம் புகார் எழுதவேண்டாம் என்று சொல்லிவிடு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தச் சீட்டோடு வேறு கம்பெனியில் கேட்டேன். எடுத்துக்கொண்டார்கள். எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற அதே பழைய வேலைதான். ஒரு பாதுகாப்புப் பயிற்சி பாக்கி, அது முடிந்ததும் கப்பல். நீ நினைக்கிற அளவு மோசமில்லை. எஞ்சின் ரூமில் காதை அடைத்துக்கொண்டு எல்லோரும் கைஜாடையில்தான் பேசுகிறார்கள், அங்கே எல்லோருமே செவிடர்கள்தான். வீட்டில்தான் நான் மட்டும் தனியாக இருக்கிறேன். தகுதி என்று முத்திரை குத்திய பிறகு இல்லை என்று சொல்ல நான் யார்?

வீட்டுக்காரி பேசுவதில்லை. பேசினாலும் திரும்பி நின்று பேசுகிறாள்.

உன் தம்பி


ஜூன் 5

தம்பிக்கு,

தைலம் வந்தது. உன் அத்தான் தடவிக்கொண்டு உன்னைப் புகழ்கிறார். நான் புகழப்போவதில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் கவுண்டரை மூடிவிட்டேன் என்று நினைத்து அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டார்கள். கட்டைவிரல் அமுக்கியதை மன்னித்துவிடலாம். அது பழக்கம், கழுதை, அதற்கு என்ன தெரியும். ஆனால் வேலை கேட்கப் போனது கட்டைவிரல் இல்லை. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நீயேதான் போயிருக்கிறாய்.

எஞ்சின் ரூமில் எல்லோரும் செவிடு என்று சப்பைக்கட்டு கட்டுகிறாய். அபாய மணி அடித்தால்? பின்னால் நின்று ஒருவன் 'விலகு' என்று கத்தினால்? நீ ஏமாற்றுவது கம்பெனியை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வீட்டில் ஒரு சின்னப்பெண் டார்ச்சை முகத்தில் அடித்துக்கொண்டு பேசுகிறாள். அவளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்?

கப்பல் ஏறினால் அந்த நிமிஷமே தொகைக்கான வழக்கு செத்துவிடும். அது போகட்டும். எனக்கு உடன்பிறந்தவன் நீ ஒருவன்தான். பயமாக இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்கிறவள் இல்லை, உன்னிடம் சொல்கிறேன்.

போகாதே.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் வீட்டில்தான் இருக்கிறேன். கப்பல் போய்விட்டது, நான் போகவில்லை.

பயிற்சிக்குப் போனேன். அதில் புகை அறை என்று ஒன்று உண்டு. ஜன்னல் இல்லாத இரும்பு அறைக்குள் புகையை நிரப்பி, முகமூடியும் முதுகில் காற்று உருளையும் மாட்டி, இரண்டிரண்டு பேராக உள்ளே அனுப்புவார்கள். சுவரைத் தடவிக்கொண்டே போய் உள்ளே கிடக்கும் பொம்மை ஆளைத் தேடி இழுத்துவரவேண்டும். என் ஜோடி ஒரு கப்பல் சமையல்காரர். கனத்த உடம்பு, நல்ல சிரிப்பு. உள்ளே போகும் முன் என்னவோ ஜோக் சொன்னார், வாய் அசைந்த விதத்தைப் பார்த்துச் சிரித்துவைத்தேன்.

உள்ளே ஒன்றும் தெரியாது. என் கையே எனக்குத் தெரியவில்லை. பொம்மையைத் தேடி நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். ஆள் பயந்துவிட்டார் என்று நினைத்துக் கையைத் தட்டிவிட்டேன். மறுபடி பிடித்தார். மறுபடி தட்டிவிட்டேன். பயிற்சியாளர் உள்ளே வந்து இரண்டு பேரையும் இடுப்புக் கச்சையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

காற்று தீரப்போனால் உருளையிலேயே ஒரு விசில் அடிக்கும். அவருடைய விசில் நெடுநேரமாக அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே வரச்சொல்லிப் பயிற்சியாளரும் ஊதியிருக்கிறார். ஜோடியை விட்டுவிட்டுத் தனியாக வரக்கூடாது என்பது விதி. அந்த மனுஷன் விதியை மதித்து எனக்காக நின்றிருக்கிறார். நான் அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

முகமூடியைக் கழற்றியதும் ஓரமாகப் போய் வாந்தியெடுத்தார். திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்து, மெதுவாக, உதட்டை நன்றாகப் பிரித்துக் கேட்டார்: "உனக்குக் காது கேக்காதா?"

கேட்காது என்று தலையாட்டினேன். வெளி ஆள் ஒருவரிடம் நானாக ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"எந்தக் கப்பலுக்குப் போறே?"

சொன்னேன்.

"அதுலதான் நானும் வரேன்" என்றார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசித் தப்பித்திருப்பேன். அன்றைக்கே கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஆபீசுக்குப் போய், வரவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். காரணத்தையும் எழுதினேன்.

இப்போது கப்பலும் இல்லை, தொகையும் இல்லை. கால் ஒரு இடத்தில் தரிக்கமாட்டேன் என்கிறது. காலையில் கிளம்பினால் தெருத் தெருவாக நடக்கிறேன். பின்னால் வரும் வண்டிக்காரர்கள் என்னை என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டே நடக்கிறேன்.

உன் தம்பி


ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ போகவில்லை என்ற வரியைப் படித்துவிட்டு, மீதியைப் படிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அந்தச் சமையல்காரரின் விலாசம் இருந்தால் அனுப்பு, நான் எழுதவேண்டும்.

தொகை இல்லை என்று நீயே முடிவுகட்டாதே. நீ கப்பல் ஏறாததால் வழக்கு உயிரோடுதான் இருக்கிறது. யூனியன்காரரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். முழுவதையும் எழுதிக்கொண்டார். பிறகு, 'இதைப் போல எத்தனை பேருக்கு ஆகியிருக்கும், எவனும் வெளியே சொல்லமாட்டான்' என்றார். இப்போது புகார் எதுவும் இல்லை. நீ எந்தப் பழக்கத்தில் அமுக்கினாய் என்பதையே எழுதிக்கொடுத்து மூன்றாவது டாக்டர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கம்பெனியும் ஒத்துக்கொண்டுவிட்டது. அடுத்த மாதம் கூப்பிடுவார்கள். அவர் எழுதுவதற்கு மேல் முறையீடு கிடையாது, ஞாபகம் வைத்துக்கொள்.

அங்கே போய்ச் செவிடாக நடி என்று நான் சொல்லவில்லை. நடிக்காமல் இரு என்கிறேன். உனக்கு அதுதான் கஷ்டம் என்று தெரியும்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள். கேட்டால் அமுக்கு, கேட்காவிட்டால் சும்மா இரு. லீவு கிடைத்தால் நானும் வந்துவிடுவேன்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்கு லீவு கிடைக்காததும் ஒரு வகையில் நல்லதுதான். நீ வெளியே உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிந்தால் நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

டாக்டர் எழுதிவிட்டார். இரண்டு காதும் போயிற்று, இனி கப்பல் வேலைக்கு லாயக்கில்லை. தொகை முழுதாகக் கிடைக்கும் என்று யூனியன்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்காரி நடைபாதையிலேயே நின்று அழுதாள், பிறகு என் பக்கம் திரும்பி நின்று பேச ஆரம்பித்தாள், இன்னும் நிறுத்தவில்லை. எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்கிறார்கள். நானும் ஆமாம் என்றேன்.

உள்ளே நடந்ததை அவர்களிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

சின்ன அறை. இங்கேயும் கண்ணாடி இருந்தது. நான் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஹெட்போனை மாட்டினார்கள். பொத்தானைக் கையில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினேன். நேர்மையாக இருப்பது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். கொஞ்சமாவது கேட்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது அக்கா. இடது காதில் மிச்சம் இருக்கிறது என்றுதான் இத்தனை மாதமும் நம்பிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தமாக அனுப்பும்போது அதில் பிடித்துவிடலாம், நியாயமாகவே ஒன்றிரண்டு தடவை அமுக்கலாம் என்று கட்டைவிரலைத் தயாராக வைத்திருந்தேன்.

காத்திருந்தேன். நர்ஸ் மெஷினைச் சரிசெய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம், டாக்டர் யாரோடோ பேசப் போயிருப்பார், வந்ததும் ஆரம்பிப்பார்கள் என்று நினைத்தேன். இவ்வளவு தாமதம் செய்கிறார்களே என்று கோபம்கூட வந்தது. கண்ணைத் திறக்கவில்லை, உனக்குக் கொடுத்த வாக்கு.

தோளில் ஒரு கை பட்டது. கண்ணைத் திறந்தேன். நர்ஸ் குனிந்து நின்று, 'முடிஞ்சுது, எழுந்துக்கலாம்' என்றாள்.

"நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றேன்.

அவள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, பொத்தானைப் பிடித்திருந்த என் கையை விரல் விரலாகப் பிரித்து, அதை வாங்கிக்கொண்டாள்.

உன் தம்பி